மாதுளையும் பஞ்சவர்ணத்தின் வேண்டுதலும்

காய்ச்சல் விட்ட அன்றைக்குத்தான் எனக்கு உண்மையான பயம் வந்தது. அதுவரை அனலாய்க் கொதித்துக் கிடந்தவனுக்குப் பயப்பட எங்கே நேரம்? உடம்பு குளிர்ந்து, தலை தெளிந்து, இனி வீட்டுக்குப் போய்விடலாம் என்ற நினைப்போடு ஆஸ்பத்திரிக் கழிவறையில் போய் உட்கார்ந்தேன். உட்கார்ந்தவனால் எழுந்திருக்க முடியவில்லை.

வலி இல்லை, மயக்கம் இல்லை. கை சுவரைப் பிடிக்கிறது, மனசு எழு என்கிறது, தொடை மட்டும் கேட்க மாட்டேன் என்கிறது. வெளியே என் மனைவி பஞ்சவர்ணம் கதவைத் தட்டினாள்.

"என்னங்க, உள்ளயே குடியிருக்கப் போறீகளா?"

"வர்றேன், வர்றேன்" என்று குரல் கொடுத்துக்கொண்டே இருந்தேன். குரல்தான் போனது, ஆள் போகவில்லை. கடைசியில் வெட்கத்தை விட்டு, "நீ கொஞ்சம் உள்ள வா" என்றேன். நல்லவேளை, தாழ்ப்பாள் போடக் கூடாது என்று நர்ஸ் முன்னாடியே சொல்லியிருந்தாள். பஞ்சவர்ணம் வந்து என் அக்குளில் தோளைக் கொடுத்துத் தூக்கினாள். கட்டிலில் சாய்ந்ததும் அவள் முகத்தைப் பார்த்தேன். அவள் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு பேருக்கும் ஒரே நினைப்புதான், வாதமோ என்று.

இந்த மாதிரி ஒரு நிலைமை உங்கள் வீட்டில் யாருக்காவது வந்தால் எங்களைப் போலப் பதறக் கூடாது என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன். நான் எழுத்தாளன் இல்லை. காரைக்குடியில் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறேன். கிணற்று மோட்டார், போர்வெல் மோட்டார் எது எரிந்துபோனாலும் எங்கள் கடைக்குத்தான் வரும். வயது அறுபதைத் தாண்டிவிட்டது என்றாலும், வண்டியிலிருந்து மோட்டாரை ஒற்றை ஆளாக இறக்கி வைப்பேன் என்று ஊரெல்லாம் பெருமையடித்துக்கொண்டிருந்தவன்.

வந்தது டைபாய்டு. குடலில் தங்கி அங்கிருந்து ரத்தத்துக்குப் பரவும் கிருமியால் வருவது. மெடிக்கலில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு கடைக்குப் போய்வந்தேன். காய்ச்சல் இறங்குவதும் ஏறுவதுமாக இருந்தது. ஒரு நாள் கடையிலேயே சரிந்துவிட்டேன். ஆஸ்பத்திரியில் ரத்தத்தை எடுத்து, அதில் என்ன கிருமி வளர்கிறது, எந்த மருந்துக்கு அது சாகும் என்று பார்த்தார்கள். அதற்குள் ரத்த அழுத்தம் விழுந்து என்னைத் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குள் கொண்டுபோய்விட்டார்கள். உள்ளே நடந்ததெல்லாம் எனக்கு அரைகுறைதான். வெளியே நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர்கள் பாடுதான் பாடு. மகள் செல்வி நாச்சியாபுரத்திலிருந்து தினமும் பஸ் ஏறி வந்தாள். பஞ்சவர்ணம் வீட்டுக்கே போகவில்லை. ஒவ்வொரு தடவை கதவு திறக்கும்போதும் என் பேரைச் சொல்லித்தான் கூப்பிடப்போகிறார்கள் என்று நெஞ்சு அடித்துக்கொள்ளும் என்றாள் பிற்பாடு. பில்லைப் பற்றி என்னிடம் யாரும் வாய் திறக்கவே இல்லை. செல்வி கழுத்தில் சங்கிலியைக் காணோம், கேட்டதற்கு, "ஆஸ்பத்திரிக்கு எதுக்குப்பா நகை?" என்றாள். அதற்கு மேல் கேட்க எனக்குத் தைரியம் இல்லை.

எழ முடியாமல் போன மறுநாள் சோதனைகள் நடந்தன. நரம்பைத் தட்டிப் பார்த்தார்கள், ரத்தத்தில் உப்புச் சத்தைப் பார்த்தார்கள். தையல்காரர் மாதிரி டேப்பை எடுத்துக் கெண்டைக்காலைச் சுற்றி அளந்தார்கள். நாற்காலியில் உட்காரவைத்து, கையை நெஞ்சில் கட்டிக்கொண்டு எழச் சொன்னார்கள். முன்னால் சாய்ந்தேன், முக்கினேன், அப்படியே மறுபடி உட்கார்ந்தேன்.

டாக்டர் எதையும் ஒளிக்காமல் பேசுகிறவர். "வாதமெல்லாம் இல்ல. நரம்பு நல்லா இருக்கு. தசைதான் கரைஞ்சிருக்கு" என்றார். வயதாக ஆகத் தசை தானாகவே குறையுமாம். அதற்கு சார்கோபீனியா என்று பேர். நோயில் படுத்தால் தசை இன்னும் வேகமாகப் போகும். சாப்பாடு இறங்காத நாட்களில் உடம்பு தன் தசையையே எடுத்துச் சாப்பிட்டுவிட்டது.

"திரும்ப வருமா டாக்டர்?" என்றாள் பஞ்சவர்ணம்.

"வரும். சும்மா வராது. முட்டை, மீன், கறி, பருப்புன்னு புரதச் சத்து நல்லா உள்ள போகணும். காலுக்கு வேலை குடுக்கணும். இப்ப விட்டுட்டா அப்புறம் ஆள் பிடிச்சுத்தான் எப்பவும் எழுந்திருக்கணும்."

கடைசியாகச் சொன்னது என் நெஞ்சில் முள்ளாகக் குத்தியது. அவளுக்கும் அறுபது வயது. கழிவறையிலிருந்து என்னைத் தூக்க வாழ்நாள் முழுக்க அவளா?

டாக்டர் கிளம்பும்போது மேசையைப் பார்த்துச் சிரித்தார். நோயாளியைப் பார்க்க வெறுங்கையோடு வரக் கூடாது என்று எங்கள் பக்கம் சட்டமே உண்டு. அங்காளி பங்காளியெல்லாம் கொண்டுவந்த மாதுளம்பழம் மேசையில் மலையாய்க் குவிந்திருந்தது. "இதுலயும் ஒரு விஷயம் இருக்கு" என்று நின்றார். அப்படியே போயிருந்தால் பாதிக் கதை நடந்திருக்காது.

மாதுளையில் ஒரு சத்து இருக்கிறதாம். அதை நம் குடலில் குடியிருக்கும் நல்ல பாக்டீரியாக்கள் தின்று வேறொரு பொருளாக மாற்றிக் கொடுக்குமாம். அதற்கு யூரோலித்தின் ஏ என்று பேர். ஆக, அது பழத்தில் இல்லை, நம் குடலில்தான் உண்டாகிறது. நம் உடம்பின் ஒவ்வொரு செல்லுக்குள்ளும் சக்தியை உண்டாக்கும் சின்னச் சின்ன நிலையங்கள் உண்டு. அவை மைட்டோகாண்ட்ரியா. வயதாக ஆக அவற்றில் பல பழுதாகி, வேலையும் செய்யாமல் இடத்தையும் அடைத்துக்கொண்டு கிடக்கும். அந்தப் பழசுகளை அப்புறப்படுத்திப் புதுசு வர இந்தப் பொருள் உதவலாம், அதனால் வயதானவர்கள் தசைக்கும் நல்லது நடக்கலாம் என்று ஆராய்ந்துகொண்டிருக்கிறார்கள்.

எனக்கு இது சட்டென்று பிடிபட்டது. எரிந்த மோட்டார் வந்தால் நான் முதலில் என்ன செய்கிறேன்? கருகின காயிலை வெட்டி எடுத்து உள்ளே சுத்தம் பண்ணிவிட்டுத்தானே புதுக் கம்பி சுற்றுகிறேன்? அதைச் சொன்னதும் டாக்டருக்கு ஒரே சந்தோஷம்.

"அதேதான். ஆனா 'உதவலாம்'னுதான் சொல்றேன், உதவும்னு சொல்லல. எல்லாருடைய குடல்லயும் அந்த பாக்டீரியா இருக்காது. உங்களுக்கு ஆன்ட்டிபயாட்டிக் வேற நிறையப் போயிருக்கு. கெட்டதோட சேர்ந்து நல்லதும் எவ்வளவு போச்சோ தெரியாது. பழமாச் சாப்பிடுங்க, தப்பில்ல. முக்கியம் புரதமும் பயிற்சியும்."

இவ்வளவு நீளமான பேச்சில் பஞ்சவர்ணத்தின் காதில் விழுந்தது ஒரே ஒரு வார்த்தை, மாதுளை. அன்று மத்தியானத்துக்குள் நாலு வீட்டுக்குப் போன் போய்விட்டது. "மாதுளை தின்னாக் கால் வந்துருமாம், டாக்டரே சொல்லிட்டாக." அதுக்கு அப்புறம் பார்க்க வந்தவர்கள் ஆப்பிள், ஆரஞ்சைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் மாதுளையாய்க் கொண்டுவந்து இறக்கினார்கள். அவள் உட்கார்ந்து உரித்துக்கொண்டே இருந்தாள். விரலெல்லாம் கறை ஏறிப்போனது.

எனக்கு உறுத்தியது வேறு. காலைச் சாப்பாட்டுத் தட்டில் வரும் அவித்த முட்டை என் வாய்க்கு வருவதே இல்லை. பக்கத்துக் கட்டில்காரரின் மருமகள் தட்டுக்குப் போய்விடும். டாக்டர் வந்து, "முட்டை சாப்பிட்டாரா?" என்று கேட்பார். "ஆச்சுங்க சார்" என்பாள் இவள், கண் இமைக்காமல்.

ஒரு நாள் பிடித்துக்கொண்டேன். "ஏம்புள்ள, என் முட்டை மேல உனக்கு என்ன கோவம்?"

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "நீக உள்ள கிடக்கையில ஆத்தாளுக்கு வேண்டிக்கிட்டேன். எங்க வீட்டு ஆளு தன் காலால நடந்து வந்து உனக்குப் பாலு ஊத்துற வரைக்கும் எங்க வாயில கவுச்சி படாதுன்னு."

எங்கள் தெருவைத் தாண்டி, ஊருணிக் கரையோடு போனால் மாரியம்மன் கோவில். அங்கே வேண்டிக்கொண்டு யாரும் பின்வாங்குவதில்லை. சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை எனக்கு. நடந்தால்தான் கறி சாப்பிடலாம் என்கிறாள் இவள். கறி சாப்பிட்டால்தான் நடக்கலாம் என்கிறார் அவர். நடுவில் நான், கெண்டைக்கால் இல்லாமல்.

"அதான் மாதுளை இருக்குல்ல" என்றாள். அவளுடைய தெம்பே அதுதான். கவுச்சி இல்லாத ஒரு மருந்தை டாக்டர் வாயாலேயே ஆத்தா சொல்ல வைத்துவிட்டாள் என்று நம்பிக்கொண்டிருந்தாள். எனக்காகக் கட்டிய முடிச்சை நான் எப்படி அவிழ்ப்பேன்? நானும் அவளோடு கூட்டுச் சேர்ந்துகொண்டேன். டாக்டர் கேட்டால், "ஆச்சுங்க" என்று இரண்டு பேரும் சேர்ந்தே சொன்னோம்.

கால் வரவில்லை. மாதுளை வந்துகொண்டே இருந்தது, கால் வரவில்லை. அவள் தோள்தான் என் கைத்தடி. கட்டிலிலிருந்து இறங்க அவள், நாற்காலியில் உட்கார அவள், முகம் கழுவ அவள். நான் அசைவதற்குள் அவள் கை வந்துவிடும்.

அப்போதுதான் டாக்டர் உணவு ஆலோசகரை அனுப்பினார். பேர் ராபியா. இளையான்குடிப் பக்கத்துக்காரி, நாற்பது வயது இருக்கும். கையில் ஒரு கருவி. அதை இறுக்கிப் பிடித்தால் பிடியின் வலு எவ்வளவு என்று முள் காட்டும். கைப்பிடி தளர்ந்தால் உடம்புத் தசை மொத்தமும் தளர்ந்திருக்க வாய்ப்பு உண்டு என்றார். நான் அமுக்கினேன். முள் கொஞ்சம் நகர்ந்து நின்றது.

"இன்னும் அழுத்தணும்யா. அம்மா, நீங்க ஒருக்கா அமுக்கிக் காட்டுங்க, ஐயாவுக்கு ரோசம் வரட்டும்" என்று சிரித்துக்கொண்டே பஞ்சவர்ணத்திடம் நீட்டினார்.

பஞ்சவர்ணம் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினாள். இத்தனை நாளாக என்னைத் தூக்கி இறக்கியவள், அந்த முள்ளை உடைத்துவிடுவாள் என்றுதான் நினைத்தேன். பல்லைக் கடித்து அமுக்கினாள். என் அளவுக்குக்கூட முள் ஏறவில்லை. "வேர்வையில வழுக்குது" என்று மறுபடி அமுக்கினாள். அதே இடம்தான்.

ராபியாவின் சிரிப்பு போய்விட்டது. கருவியை வாங்கி வைத்துவிட்டு, "நீங்க என்னம்மா சாப்பிடுறீக?" என்று கேட்டார்.

"சாப்பிட என்ன, சோறுதான்."

"ராத்திரிக்கு?"

பஞ்சவர்ணம் மாதுளை ஒன்றைக் கையில் எடுத்தாள். கட்டில் ஓரம் நின்ற செல்விதான் சொன்னாள். "ராத்திரிச் சாப்பாட்டை விட்டுட்டாக அக்கா. அப்பா கோவிலுக்கு நடக்குற வரைக்குமாம், அதுவும் வேண்டுதல்தான். அப்பாக்கிட்டச் சொல்லக் கூடாதுன்னு எங்கிட்டச் சத்தியம் வாங்கிட்டாக."

தினமும் சாயங்காலம் எனக்கு ஊட்டிவிட்டு, "நான் வெளிய போயிச் சாப்பிட்டு வர்றேன்" என்று போவாள். கொஞ்ச நேரம் கழித்து வாயைத் துடைத்துக்கொண்டு வருவாள். போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்திருக்கிறாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. ஆத்திரமும் வந்தது. "உன்னைய யாருடி பட்டினி கிடக்கச் சொன்னது?" என்று கத்தினேன். நர்ஸ் எட்டிப் பார்த்தாள்.

"எனக்கு வேற என்ன செய்யத் தெரியும்?" என்றாள் அவள்.

ராபியா அவளைத் திட்டவில்லை. பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். "நேர்ச்சையில நான் தலையிட மாட்டேம்மா. எங்க வீட்டுலயும் நோன்பு உண்டு, எங்கம்மா இதே பிடிவாதம்தான். ஒண்ணு மட்டும் சொல்லுங்க. கவுச்சின்னா எதெது?"

"கறி, மீனு, முட்டை, கருவாடு."

"பாலு?"

"பாலு எப்படித் தாயி கவுச்சியாகும்? ஆத்தாளுக்கே பாலுதான ஊத்துறோம்."

"தயிரு, பன்னீரு? நிலக்கடலை? கொண்டக்கடலைச் சுண்டல், பாசிப்பயறு?"

"அதுக்கெல்லாம் தடை இல்ல."

"அப்பச் சரி, ஆத்தாளும் நம்ம கட்சிதான்" என்றார் ராபியா. மூன்று வேளையும் பருப்போ பயறோ கட்டாயம், பாலும் தயிரும் தாராளமாக, சோறு தட்டில் கொஞ்சமாக. "மாதுளையும் தின்னுங்க. அது உள்ள என்ன வேலை செய்யுதோ செய்யட்டும். ஆனா அதையே சாப்பாடாக்கிடாதீக. கல்லும் சிமிண்டும் இல்லாமக் கொத்தனாரை மட்டும் கூட்டிட்டு வந்து உக்கார வச்ச மாதிரி ஆயிரும்." அப்புறம் பஞ்சவர்ணத்தின் கையைப் பிடித்துக்கொண்டு, "இன்னொண்ணு. இனிமே ஐயாவைத் தூக்காதீக. அவுக தசையோட வேலையையும் நீங்களே பாத்துட்டா, அது எதுக்கு வளரப்போகுது?" என்றார்.

"விழுந்துட்டாக?"

"பக்கத்துல நில்லுங்க. தொடாதீக."

ராத்திரிச் சாப்பாட்டைப் பற்றி அவர் எவ்வளவோ பேசிப் பார்த்தார். ஒரு டம்ளர் பால் வரை இறங்கி வந்தாள் பஞ்சவர்ணம். அதற்கு மேல் அசையவில்லை. அது வாக்கு. அந்த வாக்கை முடிக்கக்கூடிய ஆள் உலகத்தில் ஒருத்தன்தான், அவன் கட்டிலில் சாய்ந்து கிடந்தான். அதுவரை எழ வேண்டும் என்று நினைத்ததெல்லாம் எனக்காக. அன்றிலிருந்து ஒவ்வொரு ராத்திரியும் அவள் குடிக்கும் அந்த ஒரு டம்ளர் பால் என்னைப் பிடித்துத் தள்ளியது.

டிஸ்சார்ஜ் ஆகும்போது பழக்கதோஷத்தில் நர்ஸிடம், "போயிட்டு வர்றேன் தாயி" என்றேன். "ஆஸ்பத்திரியில அப்படிச் சொல்லுவாகளா!" என்று பஞ்சவர்ணம் என் தலையில் குட்டாத குறை. வார்டே சிரித்தது.

வீட்டில் ஒரு மர நாற்காலிதான் என் உடற்பயிற்சிக்கூடம். கையை ஊன்றாமல் எழ வேண்டும், மெதுவாக உட்கார வேண்டும். முதலில் இரண்டு தலையணை போட்டு உயரமாக்கிக்கொண்டேன். ஒவ்வொன்றாக எடுத்தேன். பஞ்சவர்ணம் எதிரே நிற்பாள். கை தானாக முன்னால் வந்துவிடும் என்று முந்தானையைப் பிடித்து முறுக்கிக்கொண்டு நிற்பாள். அவள் தொடாமல் நின்றது நான் எழுந்ததைவிடக் கஷ்டமான வேலை என்று எனக்குத் தெரியும்.

பொறுமை இல்லாத ஜென்மம் நான். கால் கொஞ்சம் பிடித்ததுமே, "வா, கோவிலுக்குப் போவோம்" என்று ஒரு நாள் தடியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். தெருவைத் தாண்டினேன். ஊருணிக் கரையில் பாதி தூரத்தில் தொடை நடுங்க ஆரம்பித்தது. கரைக் கல்லில் உட்கார்ந்துவிட்டேன். தெரிந்த ஆட்டோக்காரர் நிறுத்தி, "ஏறுங்கண்ணே, கோவில் வாசல்ல இறக்கி விடுறேன், யாருக்குத் தெரியப்போகுது?" என்றார். ஆசையாகத்தான் இருந்தது. பஞ்சவர்ணத்தைப் பார்த்தேன். பால் சொம்பை இடுப்பில் வைத்துக்கொண்டு, "வீட்டுக்கே விடுங்க தம்பி. இன்னொரு நாளைக்கு நடந்து வருவாக" என்றாள். அந்த ராத்திரியும் அவளுக்கு ஒரு டம்ளர் பால்தான். எனக்குச் சாப்பிட மனசு இல்லை. மனசு இல்லை என்றால் முடியுமா? பயறையும் தயிரையும் மருந்து மாதிரி விழுங்கினேன்.

அதற்குப் பிறகு அவசரப்படவில்லை. தினமும் கரையில் கொஞ்சம் கொஞ்சமாகத் தூரத்தைக் கூட்டினேன். கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம், தடியை ஊன்றி, நடுவில் ஒரே ஒரு தடவை நின்று மூச்சு வாங்கிக்கொண்டு, கோவில் வாசலுக்குப் போய்ச் சேர்ந்தேன். பூசாரியிடம் பாலைக் கொடுத்தேன். ஆத்தா தலையில் பால் வழிவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். என்ன வேண்டுவது என்று தோன்றவில்லை. "இவளைச் சாப்பிட வை" என்று மட்டும் கேட்டேன்.

மறுபரிசோதனைக்குப் போனபோது டாக்டரிடம் முட்டைக் கதையை ஒப்புக்கொண்டோம். அவர் தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார். "அப்ப எது வேலை செஞ்சிச்சு டாக்டர்? மாதுளையா?" என்று கேட்டேன். "தெரியாது. உங்க குடல் அந்தப் பொருளைத் தயாரிச்சுச்சான்னு நாம பாக்கலையே. நாற்காலியும் பயறும் வேலை செஞ்சது நிச்சயம். மாதுளையும் ஒரு கை கொடுத்திருக்கலாம்" என்றார். 'லாம்' போட்டுப் பேசுகிற டாக்டரைத்தான் எனக்குப் பிடிக்கிறது. மாதுளையை இன்னும் விடவில்லை. இப்போது இரண்டு பேரும் சேர்ந்து தின்கிறோம்.

இனி அந்த வெள்ளிக்கிழமை ராத்திரியைச் சொல்ல வேண்டும். செல்வி வந்திருந்தாள். இடியாப்பமும் கொண்டைக்கடலைக் குழம்பும் வைத்திருந்தாள். கோவிலுக்கு நடந்த தெம்பில் நான் அன்று நாற்காலியை விட்டு, தடியை ஊன்றித் தரையிலேயே உட்கார்ந்தேன். பஞ்சவர்ணம் வழக்கம் போல எனக்குத் தட்டு வைத்துவிட்டு நகரப் பார்த்தாள். "நீயும் உக்காரு" என்றேன். தயங்கித் தயங்கி எனக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள். முதல் வாயை எடுத்து ரொம்ப நேரம் மென்றாள். அப்புறம் பசி வந்துவிட்டது அவளுக்கு. இத்தனை நாள் பசி. தலை நிமிராமல் சாப்பிட்டாள். செல்வி வாசலில் யாரிடமோ போனில் பேசிக்கொண்டிருந்தாள். பஞ்சவர்ணத்தின் தட்டு காலியானது. அவள் கேட்க மாட்டாள் என்று எனக்குத் தெரியும்.

அடுப்படிக்குப் போய் இடியாப்பத் தட்டை எடுத்துக்கொண்டு திரும்பினேன். அவள் வாயில் வைத்த கையை எடுக்காமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ன?" என்றேன்.

"தரையில இருந்துல்ல எந்திரிச்சுப் போனீக" என்றாள். "தடி இங்குட்டுக் கிடக்கு."

நான் அவள் தட்டில் இரண்டு இடியாப்பம் வைத்தேன். "சாப்பிடு" என்றேன்.